சாமிக்கும் முகவரி வேண்டும்

"இந்தக் கட்டுரைக்கு ஆறுக்கு அஞ்சு போட்டிருக்கியேம்மா. முழுசாப் படிச்சிட்டுத்தானே போட்டே?" என்று கேட்டார் வெய் டீச்சர்.

"படிச்சேன் டீச்சர்," என்றாள் தாள் திருத்தும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ரூயின்.

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு. நடை அழகா இருக்கு. ஆவி பறக்குறதைத் துறைமுகத்துப் பனிமூட்டத்தோட ஒப்பிட்டிருக்கான். கடைசிப் பத்தியில அவங்க அம்மாவோட உழைப்பைப் பத்தி..."

"அது இருக்கட்டும். டிங்பியன்சோன்னா என்ன?"

ரூயின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். கட்டம் போட்ட தாள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக அந்தப் பையன் நெருக்கி எழுதி நிரப்பியிருந்தான். தலைப்பே 'எங்கள் ஊர் டிங்பியன்சோ' என்றுதான் இருந்தது.

"சாப்பாடு," என்றாள்.

"சாப்பாடுதான். கடிச்சுத் திங்கிறதா, குடிக்கிறதா?"

"குடிக்கிறது."

"எதை வெச்சுச் சொல்றே?"

"ஆவி பறக்குதுன்னு எழுதியிருக்கானே டீச்சர்."

"வேகவெச்ச பன்னுலயும்தான் ஆவி பறக்குது. சரி, எதுல செய்யறாங்க? அரிசியா, கோதுமையா, மீனா?"

ரூயின் மறுபடி தாளைப் புரட்டினாள்.

"அங்க தேடாத. அங்க இல்ல. நானும் தேடிட்டேன். நீ அதைச் சாப்பிட்டதே இல்லையா?"

"இல்ல டீச்சர். நான் இந்த ஊருக்கு வந்து ரெண்டு வாரந்தான் ஆகுது. ஒசாகாவுல வளந்தேன். வீட்டுல சீனம், பள்ளிக்கூடத்துல ஜப்பானியம்."

வெய் டீச்சர் கோபிப்பார் என்று ரூயின் எதிர்பார்த்தாள். அவரோ, கிடைக்காத பொருள் ஒன்று கடை மூலையில் கிடைத்துவிட்டதைப் போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் உட்கார்ந்தார்.

"அப்போ இந்த மாடியில டிங்பியன்சோ தெரியாத ஒரே ஆளு நீதான். படிச்சப்ப உனக்கு ஒண்ணுமே புரிஞ்சிருக்காதே. புரியாம எப்படிம்மா அஞ்சு போட்டே?"

"புரியாதது என் குறைன்னு நெனச்சேன் டீச்சர்."

வெய் டீச்சர் தாளை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு, "இதுதான் எனக்கு ரொம்ப நாளா ஆச்சரியம்," என்றார். "எழுதினவன் சொல்லாம விட்டுடுறான். படிக்கிறவங்க தங்களையே திட்டிக்கிறாங்க. எப்படித்தான் இது நடக்குதோ. மார்க்கை மாத்துன்னு நான் சொல்லல. திருத்துறது உன் வேலை. மத்தியானம் என்கூட அந்தப் பையன் வீட்டுக் கடைக்கு வா. பாத்துட்டு நீயே முடிவு பண்ணு."

அன்று மதியம் ரூயின் பார்த்தாள். அகலமான இரும்புச் சட்டி. அதன் உள்விளிம்பைச் சுற்றி அரிசி மாவை ஊற்றுகிறார்கள். மாவு வழிந்து இறங்கும்போதே மூடிவைத்த ஆவியில் வெந்து தகடாக ஒட்டிக்கொள்கிறது. அதைச் சுரண்டி எடுத்து, துண்டுபோட்டு, காய்ந்த இறாலும் மூங்கில் குருத்தும் போட்ட சூப்பில் சேர்க்கிறார்கள். கடிக்கவும் வேண்டும், குடிக்கவும் வேண்டும். திரும்பி வந்து அந்தத் தாளை இன்னொரு முறை படித்தாள். இவ்வளவும் நடக்கும் கடையை வைத்திருப்பவர்களின் மகன் எழுதிய தாளில் சட்டி என்ற சொல்கூட இல்லை. ஐந்தை அடித்துவிட்டு இரண்டு போட்டாள்.

ரூயின் திருத்துபவளாகச் சேர்ந்திருந்த அந்த டியூஷன், தைவானின் கீலுங் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், மீன்பிடித் துறையை ஒட்டிய தெருவில், கருவாட்டுக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. கட்டுரை எழுதக் கற்றுத்தருவது மட்டுமே அங்கே வேலை. பிள்ளைகள் படியேறி வரும்போதே அவர்கள் பைகளில் காய்ந்த கணவாயின் வாடை ஏறிவிடும். டியூஷன் ஜுவாங் என்பவருடையது. எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை வகுப்பு மட்டும் வெய் யா-சின்னுடையது.

வெய் டீச்சருக்கு நாற்பது தாண்டியிருந்தது. கணவர் படகுகளின் ஐஸ் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவர். டீச்சர் படித்து ஆசிரியரானவர் அல்ல. தாவ்யுவானில் மின்சாதனங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், பெட்டிக்குள் மடித்து வைக்கும் 'பயன்படுத்தும் முறை' புத்தகங்களை எழுதிக்கொண்டிருந்தார். மின்விசிறி, முடி உலர்த்தி, சோறு வேகவைக்கும் மின்பானை. அந்த மின்பானையைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார். முதன்முறை வெளிநாட்டுக்கு அனுப்பியபோது, உள்பாத்திரத்தில் அரிசியும் தண்ணீரும் போட வேண்டும் என்று அழகாக எழுதியிருந்தார். வெளிப்பாத்திரத்திலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால்தான் அதன் ஆவியில் சோறு வேகும் என்று எழுதவில்லை. தைவானில் அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். புத்தகத்தைச் சரிபார்த்த நான்கு மேலாளர்களும் அதைக் கவனிக்கவில்லை. எங்கோ ஒரு நாட்டில் பானைகள் வெறும் சூட்டில் நின்றுபோய், அரிசி அரிசியாகவே கிடந்தது.

"யாரும் என்னைத் திட்டல. அதுதான் வேடிக்கை," என்பார். "அவங்களுக்கும் தோணல. அன்னையிலேர்ந்து எனக்கு ஒரே அரிப்பு. எனக்குத் தெரியும்னு எனக்கே தெரியாத விஷயம் இன்னும் என்னென்ன இருக்கோ."

அந்த அரிப்பு அவரை விடவேயில்லை. கம்பெனி அந்தப் பிரிவை மூடியதும் ஊருக்குத் திரும்பி வந்து, பிள்ளைகளுக்கு விளக்கக் கட்டுரை கற்றுத்தர ஆரம்பித்தார். தெருவில் சாக்கடை மூடியைத் தூக்குகிறவரிடம் குடையோடு நின்று, அந்தக் கொக்கி ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்பார். கேட்டதைப் புறங்கையில் எழுதிக்கொள்வார். மழையில் அது அழிந்துபோகும். மறுநாள் அதே ஆளிடம் போய் மறுபடி கேட்பார்.

வகுப்பில் அவருடைய முதல் சண்டை மழையோடுதான். கீலுங்கில் மழை இல்லாத வாரத்தைப் பார்ப்பது கடினம். அதனால் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் பிள்ளைகள் மழையில்தான் தொடங்குவார்கள். சைக்கிளுக்குக் காற்றடிப்பது எப்படி என்றாலும் முதல் பத்தியில் சாரல் அடிக்கும்.

"மழை எல்லார் வீட்டுலயும்தான் பெய்யுது. உன் கட்டுரைக்குள்ள அதுக்கு என்ன வேலை?" என்பார். "மழை பெஞ்சா காத்தடிக்கிற விதம் மாறுமா? மாறும்னா உள்ள விடு. இல்லாட்டி வாசல்லயே நிறுத்து."

இரண்டாவது சண்டை கடைசிப் பத்தியோடு. குடையை மடிக்கும் முறையை எழுதிய ஒரு பையன், பெற்றோருக்கு நன்றி சொல்லி, இனி நாட்டுக்குப் பயனுள்ளவனாக வாழ்வேன் என்று முடித்திருந்தான்.

"குடைக்கும் நாட்டுக்கும் என்னடா சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்ல டீச்சர். ஆனா அது இல்லாட்டி, கட்டுரை முடிஞ்சிருச்சுன்னு யாருக்கும் தெரியாது."

வெய் டீச்சர் அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பையனையும் அவருக்குப் பிடித்துப்போனது. காரணம் கேட்டால் காரணம் சொல்கிறான் என்றார்.

ஆனால் பள்ளிக்கூடத்திலும் மற்ற டியூஷன்களிலும் மழைக்கும் நன்றிக்கும் மதிப்பெண் கிடைத்தது. ரூயின் ஐந்தை இரண்டாக்கிய பிறகு வெய் டீச்சரின் வகுப்புத் தாள்களில் மூன்றும் இரண்டுமாக இறங்க ஆரம்பித்தது. டிங்பியன்சோ கடைக்கார அம்மாள் முதலாளிக்கு போன் செய்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர். ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் முதலாளி மாடிக்கு வந்தார். ரூயின் மூலையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெய் டீச்சர், உங்க வகுப்புல என்னதான் நடக்குது? காசு குடுத்து மார்க்கைக் குறைச்சுக்கிற ஒரே எடம் இதுதான்னு தெருவுல கிண்டல் பண்றாங்க."

"ஆறு மாசம் பொறுத்துக்கோங்க முதலாளி."

"நான் பொறுத்துக்குவேன். பெத்தவங்க பொறுப்பாங்களா? தைபேயிலேர்ந்து ஒரு ஆளு வரேங்கிறாரு. தொடக்கப் பத்தி நாப்பது, முடிவுப் பத்தி நாப்பது, அச்சடிச்சே குடுத்துடுவாராம். பிள்ளைங்க நடுவுல மட்டும் ஊருக்குத் தக்க மாதிரி மாத்திக்கிட்டா போதும்."

"நல்ல ஆளுதான். நடுவுல இருக்கிறதுதானே கட்டுரை. அதை மட்டும் பிள்ளைங்க தலையில விட்டுட்டாரு."

முதலாளி சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. மாடிக்கு வாடகை கட்ட வேண்டியிருந்தது. "ஒண்ணு பண்ணுவோம். வழக்கம்போல அடுத்த பருவத்துக்கு முன்னாடி பெத்தவங்களுக்கு ஒரு வகுப்பு நடத்திக் காட்டுங்க. பாத்துட்டுப் பாதிப் பேராவது பேர் குடுத்தா வகுப்பு உங்களுது. இல்லாட்டி, கோவிச்சுக்காதீங்க, தைபேக்காரரைக் கூப்பிட்டுடுவேன்."

அவர் போன பிறகு வெய் டீச்சர் ஜன்னலருகே போய் நின்றார். "இந்த வகுப்பு போச்சுன்னா நான் என்ன செய்வேன்னு யோசிக்கிறேன்," என்றார். "வேற வேலை கெடைக்கும், அது பிரச்சினை இல்ல. ஆனா பதிமூணு வயசுப் பிள்ளை எதைச் சொல்லாம விடும்னு வாரா வாரம் பாக்குறேன் பாரு, அது வேற எங்க கெடைக்கும்?"

ரூயின் தாள்களைக் கையில் பிடித்தபடி தலையாட்டினாள்.

நடத்திக் காட்டும் வகுப்புக்கு வெய் டீச்சர் தேர்ந்தெடுத்த தலைப்பு, 'சாமியிடம் கேள்வி கேட்பது எப்படி'. சாமி முன்னால் பிறைக்கட்டை போட்டுக் கேட்காமல் அந்தத் தெருவில் ஒரு காரியமும் நடக்காது. புதுப் படகு வாங்கலாமா, மகளை அந்தப் பையனுக்குக் கொடுக்கலாமா, பல்லைப் பிடுங்கலாமா எல்லாம் சாமி சொல்லித்தான். பிறை வடிவில் இரண்டு மரக்கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. இரண்டையும் தரையில் விட்டெறிந்து, எந்தப் பக்கம் மேலே தெரிகிறது என்று பார்ப்பார்கள். ஒன்று தட்டையாகவும் மற்றது உருண்டையாகவும் விழுந்தால் சாமி 'ஆம்' என்கிறார்.

பிள்ளைகள் எழுதிக் கொண்டுவந்தார்கள். எல்லாத் தாளிலும் கட்டையை எறிந்துகொண்டேயிருந்தார்கள். யார், எதற்கு, எப்போது என்பது இல்லை. ஒருத்தி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். ஹோ ஆன்சி. அப்பாவுக்குக் கடலோரக் காவல் படையில் வேலை. மாற்றலாகி, துறையை ஒட்டிக் கட்டிய புது அடுக்குமாடியில் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் அவர்கள் இருந்த மலைப்பக்கத்து ஊரில் தேவாலயம்தான் உண்டு. எழுதுவதற்காக அவள் கோயிலுக்குப் போய், தூணருகே நின்று, மற்றவர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறாள்.

"டீச்சர், எல்லாரும் மொதல்ல பேரு, பொறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் சொல்றாங்க. எத்தனாவது மாடின்னுகூடச் சொல்றாங்க. சாமிக்குத் தெரியாதா?" என்று வகுப்பில் கேட்டாள்.

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். வெய் டீச்சர் சிரிக்கவில்லை. கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தார்.

"நீங்க யாராவது முகவரியை எழுதினீங்களா?"

ஒருவரும் எழுதவில்லை.

"நீங்கள்லாம் கோயில்ல முகவரி சொல்றதில்லையா?"

"சொல்லுவோம் டீச்சர். அது... அது தானா சொல்றது. அதை எதுக்கு எழுதணும்?"

"பாருங்கடா," என்றார் வெய் டீச்சர், கிட்டத்தட்ட ரகசியம் சொல்வதைப் போல. "எல்லாம் தெரிஞ்ச சாமிகிட்டயே நாம அஞ்சாவது மாடி, வலதுபக்கக் கதவுன்னு சொல்லிட்டுத்தான் கேள்வியைக் கேக்குறோம். உங்க கட்டுரையைப் படிக்கிறவங்க சாமியும் இல்ல. அவங்களுக்கு ஒண்ணும் சொல்லாம கட்டையைத் தூக்கி எறிஞ்சா எப்படி?"

அந்த வாரம் பிள்ளைகள் அடித்து அடித்து எழுதினார்கள். ரூயின் திருத்திய தாள்களில் முதன்முறையாக, படிக்கும்போதே கை தானாக அசைந்தது. ஊதுபத்தியை எந்தக் கையில் பிடிப்பது, கட்டையை எந்த உயரத்திலிருந்து விடுவது என்று அவளுக்கே தெரிய ஆரம்பித்தது. நிறைய நான்கு போட்டாள். ஒரு ஐந்தும் போட்டாள்.

பெற்றோருக்கான அறிவிப்பை வெய் டீச்சரே எழுதினார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி, கோயில் முன்மண்டபம், பிள்ளைகள் எழுதியதை ஒருவர் படித்து அப்படியே செய்து காட்டுவார், அனைவரும் வருக. நாலே வரி. வேண்டாத ஒரு சொல் இல்லை. ரூயின் அதைப் பெற்றோர் குழுவுக்கு போனில் அனுப்பினாள்.

ஞாயிறன்று மழை கொட்டியது. ரூயின் சீக்கிரமே கிளம்பி, தன் வாடகை அறைக்கு இரண்டு தெரு தள்ளி, துறை ஓரத்தில் இருந்த, கடல் தெய்வமான மாட்சு அம்மன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். மண்டபத்தில் யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஆன்சி அப்பாவோடு வந்தாள். பிறகு ஒரு தாய். பிறகு குடைகளை உதறிக்கொண்டு இன்னும் சில பெற்றோர்கள். எல்லோரும் புது அடுக்குமாடிக்காரர்கள். ஆன்சியைத் தவிர அவர்கள் பிள்ளைகள் யாரும் வரவில்லை. காலையிலேயே டியூஷனில் கூடி டீச்சரோடு போயிருந்தார்கள். ஒன்பது மணி தாண்டியும் வெய் டீச்சர் இல்லை, முதலாளியும் இல்லை.

ரூயின் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது முறை எடுத்தபோது மறுமுனையில் முரசுச் சத்தம். "எங்கம்மா இருக்கே? ஆரம்பிக்கப் போறோம்," என்றது வெய் டீச்சரின் குரல்.

"கோயில்லதான் டீச்சர் இருக்கேன்."

"நானும் கோயில்லதான் இருக்கேன்."

"மாட்சு அம்மன் கோயில்ல."

மறுமுனையில் முரசுச் சத்தம் விலகிப் போனது. பிறகு வெய் டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "கோயில்னா மேட்டுல இருக்கிற ராஜா சாமி கோயில்தானேம்மா." அதோடு இணைப்பு அறுந்தது.

வெய் டீச்சரைப் போன்ற மேட்டுத் தெருக்காரர்களுக்குக் கோயில் என்றால் அது ஒன்றுதான். துறையில் இருப்பதை அவர்கள் 'அம்மா வீடு' என்பார்கள். புதிதாக வந்தவர்களுக்கோ ஜன்னலைத் திறந்தால் தெரிவது துறைக் கோயில்தான். மேட்டில் ஒரு சாமி இருப்பதே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

"என்னம்மா விஷயம்?" என்றார் ஆன்சியின் அப்பா ஹோ. பருத்த மனிதர், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்திருந்தார்.

ரூயின் சொன்னாள்.

"நல்லா இருக்கு. வெளக்கமா எழுதச் சொல்லித் தர்ற டீச்சர், எந்தக் கோயில்னு எழுதல."

"மேட்டுக்கு நடந்து போனா அரை மணி நேரம் ஆகும், இந்த மழையில," என்றார் அந்தத் தாய். "நான் வீட்டுக்குப் போறேன். துணி காயாம கெடக்கு."

குடைகள் மறுபடி விரியத் தொடங்கின. இவர்கள் போய்விட்டால் பாதி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று ரூயினுக்குத் தெரிந்தது. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அவள் வாய் திறந்ததே கிடையாது. என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் சொல்லிவிட்டிருந்தாள்.

"ஆன்சி, உன் தாள் கையில இருக்கா? நான் இந்தக் கட்டையைப் போட்டதே இல்ல. நான் ஒசாகாவுல வளந்தவ. நீ படி, நான் செய்யறேன். சும்மா சொல்லல, நெஜமாவே போட்டதில்ல."

ஹோ குடையை மடக்கினார். கோயில்காரர் ஒருவரும் எட்டிப் பார்த்தார்.

ஆன்சி படித்தாள். ரூயின் ஊதுபத்தி ஏற்றினாள், வணங்கினாள், கட்டைகளை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். "உங்கள் பெயர், பிறந்த தேதி, இப்போது குடியிருக்கும் வீட்டின் முகவரி மூன்றையும் சொல்லுங்கள்," என்றாள் ஆன்சி.

ரூயின் நிறுத்தினாள். "மனசுக்குள்ளயா, வாய்விட்டா?"

ஆன்சி தாளைப் பார்த்தாள். அது எழுதியிருக்கவில்லை.

"மனசுக்குள்ளதான்," என்றார் ஹோ.

"அதெல்லாம் இல்ல, உதடு அசையணும்," என்றார் துணி காயாத தாய்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும் போன வருஷந்தானே வந்தீங்க?"

"எங்க ஊர்லயும் சாமி இருக்குங்க."

கோயில்காரர், எப்படியும் சொல்லலாம், சாமிக்குக் காது நல்லாத்தான் இருக்கு என்றார். ஆன்சி பையிலிருந்து பென்சிலை எடுத்து, தாளைத் தூணில் வைத்து ஒரு வரி சேர்த்தாள். எல்லோரும் அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

ரூயின் வாய்விட்டே சொன்னாள். பெயர், தேதி, மீன்வலைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. பிறகு, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும்படியான கேள்வியைக் கேட்க வேண்டும் என்றாள் ஆன்சி. "வகுப்பு தொடருமா?" என்று கேட்டுவிட்டு ரூயின் கட்டைகளை விட்டாள். அவை ஈரத்தரையில் துள்ளிச் சுழன்று, இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய நின்றன.

ஆன்சி விரலால் வரியைத் தேடிப் படித்தாள். "இரண்டு தட்டைப் பக்கமும் மேலே தெரிந்தால் சாமி சிரிக்கிறார் என்று பொருள். கேள்வி தெளிவாக இல்லாவிட்டால் சாமி சிரிப்பார். கேள்வியைச் சரிசெய்து மறுபடி கேட்க வேண்டும்."

"எந்த வகுப்புன்னு சொல்லலையேம்மா," என்றார் ஹோ. "இந்தத் தெருவுலயே ரெண்டு டியூஷன் இருக்கு."

"யார் நடத்துற வகுப்புன்னும் சொல்லல," என்றார் அந்தத் தாய். அவர் இப்போது எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றிருந்தார்.

"எப்பவரைக்கும் தொடரணும்? அதையும் சேத்துக்கோங்க," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

ரூயின் சேர்த்துக்கொண்டாள். கருவாட்டுக் கடை மாடியில், வெய் யா-சின் நடத்தும் சனிக்கிழமைக் கட்டுரை வகுப்பு அடுத்த பருவமும் நடக்குமா என்று கேட்டாள். கட்டைகள் விழுந்தன. ஒன்று தட்டை, ஒன்று உருண்டை. ஆன்சி படிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. தாங்களே ஜெயித்ததைப் போல அங்கிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள்.

அந்தத் தாய் ஆன்சியின் தாளை வாங்கி, பென்சில் வரிவரைக்கும் படித்தார். "இதை நீயேவா எழுதினே? என் பையன் பழைய டியூஷன்ல எழுதினதைப் படிச்சா அழுகை அழுகையா வரும். ஆனா என்ன சொல்றான்னு மட்டும் தெரியாது."

மேட்டுக் கோயிலில் நடந்ததை ரூயின் மதியம்தான் தெரிந்துகொண்டாள். அங்கே தாளைப் படித்துச் செய்து காட்ட, டிங்பியன்சோ கடைக்காரரை முன்னால் அழைத்திருந்தார்கள். பிள்ளை இரண்டாவது வரியைப் படிப்பதற்குள் அவர் முகவரியைச் சொல்லி, கட்டையை எறிந்து, பதிலையும் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார். "இதெல்லாம் பொறந்ததுலேர்ந்து பண்றதுதானே டீச்சர். இதுக்கு எதுக்கு டியூஷன்?" என்று கேட்டாராம். மேட்டிலிருந்து பெயர் கொடுத்தவர்கள் சொற்பம். துறையில் நின்றிருந்தவர்கள் ஒருவர் விடாமல் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் கூட்டி முதலாளி இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். பாதியைத் தொட்டிருந்தது, அதற்கு மேல் இல்லை.

"ஒரு பருவம்," என்றார். "அப்புறம் பாக்கலாம். அடுத்த தடவையாவது எல்லாரையும் ஒரே எடத்துக்கு வரச் சொல்லுங்க."

அவர் இறங்கிப் போனதும் வெய் டீச்சர் டியூஷன் மாடிப்படியில் உட்கார்ந்து, நனைந்த காலணிகளைக் கழற்றினார். ரூயினைப் பக்கத்துப் படியில் உட்காரச் சொன்னார். துறைக் கோயிலில் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்ல இடைமறித்தார். யார் முதலில் குடையை மடக்கியது? வாய்விட்டா என்று நீ கேட்டாயா, நீயா? அந்தப் பென்சில் வரியை ஆன்சி எந்த வார்த்தைகளில் எழுதினாள்?

"அந்தப் புது வீட்டுக்காரங்களுக்கு அதுதான் கோயிலா," என்றார் கடைசியில். "அந்த வீட்டையெல்லாம் கட்டி எத்தனை வருஷமாச்சு. தெனமும் அந்த வழியாத்தான் போறேன். எனக்கு ஒரு நாளும் தோணல பாரேன்."

"எனக்கும் தோணல டீச்சர். எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு கோயில்தான்."

"தெரியும்." அவர் காலணிக்குள்ளிருந்த தண்ணீரைப் படியோரமாகக் கொட்டினார். பிள்ளைகளிடம் பேசும்போது இருக்கும் விளையாட்டு இப்போது அவர் குரலில் இல்லை. கேட்பதற்குச் சங்கடப்படுகிற ஒருவரின் குரலாக இருந்தது.

"எனக்கு ஒரு உதவி பண்ணும்மா. இனிமே நான் எதை எழுதி வெளிய அனுப்பினாலும், அனுப்புறதுக்கு முன்னாடி நீ படி. படிச்சிட்டுத் தலையாட்டாத. எங்க, யாரு, எதுன்னு ஒவ்வொண்ணாக் கேளு. உனக்கே தெரிஞ்சிருந்தாலும் கேளு. இதுகூடத் தெரியாதான்னு நான் மூஞ்சியைக் காட்டுவேன், என் கொணம் அப்படி. அப்பவும் விட்டுடாத."